பூச்சியியல் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: சேர்க்கை முதல் ஆய்வேடு வரை

கோயம்புத்தூரைச் சுற்றியுள்ள பப்பாளித் தோட்டங்களில் 2008-ல் வெள்ளை வெள்ளையாக ஒரு மாவுப்பூச்சி படர்ந்தது. இரண்டு வருடத்தில் மரவள்ளி, மல்பெரி, பருத்தி, செம்பருத்தி என்று கண்ட செடியிலெல்லாம் ஏறிவிட்டது. மருந்து அடித்தவர்களுக்குச் செலவுதான் மிச்சம். மெழுகு மாவுக்குள் பதுங்கியிருக்கும் பூச்சிமேல் மருந்து சரியாகப் படுவதில்லை. கடைசியில் அதை அடக்கியது அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குட்டிக் குளவி. 2010-ல் அதைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்தார்கள். பெங்களூருவில் இருக்கும் தேசியப் பூச்சி வள நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதைப் பெருக்கி வயல்களில் விட்டன. அதன்பிறகு அந்த மாவுப்பூச்சி பழைய அளவுக்குத் தலைதூக்கவில்லை.

இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் விடும் ஓர் இடம் உண்டு. எந்த நாட்டில் போய் எந்தக் குளவியைத் தேடுவது என்று எப்படித் தெரிந்தது? அந்த மாவுப்பூச்சியைக் கண்ணாடி வில்லையில் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, இது பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ், மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி என்று உறுதி செய்ததால்தான் தெரிந்தது. பெயர் தெரிந்தால் சொந்த ஊர் தெரியும், சொந்த ஊர் தெரிந்தால் எதிரி யார் என்று தெரியும். பூச்சியியல் துறையில் நீங்கள் கற்கப்போகும் பெரும்பாலான வேலைகள் இப்படிப்பட்டவை. சரியாகப் பார்ப்பது, சரியாகக் குறித்துவைப்பது, சரியாகப் பெயரிடுவது. மற்றதெல்லாம் இவற்றின் மேல்தான் நிற்கிறது.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பூச்சியியல் துறையை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற வேளாண் கல்லூரிகளுக்கும், விலங்கியல் துறையில் பூச்சிகளை எடுத்து ஆராய்கிறவர்களுக்கும் இதில் முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

1. எந்த வாசல் வழியாக நுழைவது

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். வேளாண் பல்கலைக்கழகங்களில் எம்.எஸ்சி. (வேளாண்மை) பூச்சியியல் சேர வேண்டுமென்றால் பொதுவாக இளநிலையில் வேளாண்மை, தோட்டக்கலை போன்ற நான்காண்டுப் படிப்பு ஒன்றை முடித்திருக்க வேண்டும். பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு நேராக அங்கே போய் விண்ணப்பித்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பல்கலைக்கழகமே நடத்தும் முதுநிலை நுழைவுத் தேர்வு ஒரு வழி. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்காக நடக்கும் அகில இந்திய நுழைவுத் தேர்வு இன்னொரு வழி. அகில இந்தியத் தேர்வில் நல்ல இடம் பிடித்தால் உதவித்தொகையும் கிடைக்கும், வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களிலும் சேரலாம். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகமும் டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் பூச்சியியலுக்குப் பேர்போனவை. விதிமுறைகள் வருடத்துக்கு வருடம் மாறும். அதனால் சீனியர் சொன்னதை மட்டும் நம்பாமல் அந்த வருடத்துத் தகவல் கையேட்டை எடுத்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

விலங்கியல் படித்தவர்கள் மனம் தளர வேண்டாம். உங்களுக்கு வேறு நல்ல வழிகள் இருக்கின்றன. புதுச்சேரியில் 1975-ல் தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மையம், பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் முதுநிலைப் படிப்பே நடத்துகிறது. கொசு, மணல் ஈ, உண்ணி என்று மனித நோய்களோடு தொடர்புள்ளவற்றை ஆராய விரும்பினால் அதைவிடப் பொருத்தமான இடம் நம் பக்கத்தில் இல்லை. சென்னை லயோலா கல்லூரியின் பூச்சியியல் ஆராய்ச்சி நிறுவனம் இன்னொன்று. இலைப்பேன் ஆய்வில் உலக அளவில் பெயர் வாங்கிய டி.என். அனந்தகிருஷ்ணன் வளர்த்த இடம் அது. காட்டுப் பூச்சிகள், மரங்களைத் தாக்கும் பூச்சிகள் என்றால் கோவையிலேயே வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனம் இருக்கிறது.

இளநிலையில் படித்துக்கொண்டிருக்கும்போதே மனதில் பூச்சி புகுந்துவிட்டதா? அப்படியானால் வகுப்பில் ஒப்படைக்கச் சொல்லும் பூச்சிச் சேகரிப்புப் பெட்டியைக் கடமைக்கு நிரப்பாதீர்கள். யாரிடமோ வாங்கிக் குத்திவைத்த ஐம்பது பூச்சிகளைவிட, நீங்களே பிடித்து, நீங்களே லேபிள் எழுதிய இருபது பூச்சிகள் உங்களுக்கு அதிகம் சொல்லித்தரும்.

2. சேர்ந்த முதல் சில வாரங்கள்

துறையைச் சுற்றிப் பாருங்கள். யார் எந்தப் பூச்சியில் வேலை செய்கிறார்கள், எந்த அறையில் என்ன வளர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பூச்சியியல் என்பது ஒரே வேலை இல்லை. வகைப்பாட்டியல், உயிரியல் முறைக் கட்டுப்பாடு, நச்சியல், பயிர் எதிர்ப்புத் திறன், சேமிப்புத் தானியப் பூச்சிகள், தேனீ வளர்ப்பு, பட்டுப்புழு, மூலக்கூறு ஆய்வு என்று பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வேண்டிய குணமும் வேறு. நச்சியலுக்குக் கணக்கில் ஈடுபாடு வேண்டும். வகைப்பாட்டியலுக்கு ஒரே நாற்காலியில் மணிக்கணக்கில் உட்காரும் பொறுமை வேண்டும். உயிரியல் முறைக் கட்டுப்பாட்டில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது, ஏனென்றால் வளர்ப்பில் இருக்கும் புழுவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் பசிக்கும்.

வளாகத்திலேயே 2018-ல் திறந்த பூச்சி அருங்காட்சியகம் இருக்கிறது. அதைப் பொதுமக்களும் பள்ளிப் பிள்ளைகளும் பார்க்க வருவார்கள். நீங்கள் பார்வையாளராகப் போய் அழகை ரசித்துவிட்டு வந்தால் போதாது. நோட்டை எடுத்துக்கொண்டு போய், ஒரு வரிசை (ஆர்டர் என்னும் பெரும்பிரிவு) முடிய ஒரு வரிசையாக, கோலியாப்டெரா (வண்டுகள்) என்றால் முன்னிறக்கை எப்படி இருக்கிறது, ஹெமிப்டெரா (மாவுப்பூச்சி, தத்துப்பூச்சி போன்ற சாறு உறிஞ்சிகள்) என்றால் வாய் எங்கே மடங்கியிருக்கிறது என்று வரைந்து பாருங்கள். படம் நன்றாக வர வேண்டியதில்லை. வரைய உட்கார்ந்தால்தான் கண் ஒவ்வொரு உறுப்பாக நின்று பார்க்கும்.

துறையில் பல வருடமாக வேலை செய்யும் களப்பணியாளர்களோடு பழகுங்கள். எந்த வரப்பில் எந்த மாதம் என்ன வரும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். "தம்பி, வெயில் ஏறிட்டா தத்துப்பூச்சி எல்லாம் தூருக்கு எறங்கிடும், இப்பவே வாங்க" என்று ஒரு அண்ணன் சொன்னால், அதைப் பாடப்புத்தகத்தில் தேடி உறுதிசெய்து கொண்டு அப்புறம் போகலாம் என்று இருக்காதீர்கள். உடனே கிளம்புங்கள்.

3. பையில் இருக்க வேண்டியவை

பெரிய செலவு தேவையில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, நுனி மெலிந்த இடுக்கி, வலை, மூடியுள்ள சிறு குப்பிகள், 70 சதவீத ஆல்கஹால், மெல்லிய தூரிகை, பென்சில், கெட்டி அட்டை போட்ட நோட்டு. கைலென்ஸைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். அதைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்து, பூச்சி இருக்கும் இலையைத்தான் அருகே கொண்டுவர வேண்டும். லென்ஸை இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து பார்ப்பவர்களைத்தான் முதல் வருடத்தில் அதிகம் பார்க்கலாம்.

குட்டிப் பூச்சிகளை விரலால் எடுத்தால் நசுங்கிவிடும். ஆல்கஹாலில் நனைத்த தூரிகை நுனியால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். இல்லாவிட்டால் உறிஞ்சுகுழாய் வைத்து எடுக்கலாம். உறிஞ்சும் பக்கத்துக் குழாயின் உள்முனையில் மெல்லிய வலைத்துணி கட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு வாயில் வையுங்கள்.

பூச்சியைக் கொல்ல எத்தில் அசிடேட் போதும். குடுவையின் அடியில் பாரிஸ் சாந்து ஊற்றிக் காயவைத்து, அதில் சில சொட்டு விட்டால் நீண்ட நேரம் வேலை செய்யும். சயனைடு பற்றிப் பழைய கையேடுகளில் படிப்பீர்கள். அதன் பக்கமே போக வேண்டாம். அந்துப்பூச்சியையும் வண்டையும் ஒரே குடுவையில் போடாதீர்கள். வண்டு உதைக்கிற உதையில் அந்துப்பூச்சியின் செதில் எல்லாம் உதிர்ந்து இறக்கை மொட்டையாகிவிடும்.

ஆல்கஹாலில் ஒரு விஷயம். உடலமைப்பைப் பார்க்க 70 சதவீதம் சரி. டி.என்.ஏ. எடுக்கும் எண்ணம் இருந்தால் 95 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள எத்தனாலில் போட்டுக் குளிரில் வைக்க வேண்டும். இதை வயலுக்குப் போகும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே சொன்ன பப்பாளி மாவுப்பூச்சி ஆல்கஹாலில் விழுந்ததும் மஞ்சள் உடல் கருநீலமாக மாறும். குப்பியில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாலே மற்ற சில மாவுப்பூச்சிகளிலிருந்து பிரித்துவிடலாம். ஆனால் உயிரோடு இருந்தபோது என்ன நிறம் என்று அதற்கு முன்பே நோட்டில் எழுதியிருந்தால்தான் இது உதவும்.

4. லேபிள்

இதற்குத் தனித் தலைப்பு கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. லேபிள் இல்லாத பூச்சி அழகுப் பொருள் மட்டுமே, ஆய்வுக்கு உதவாது. நூறு வருடத்துக்கு முன் கோவை வேளாண் கல்லூரிக்காரர்கள் குத்திவைத்த பூச்சியை இன்று ஒருவர் எடுத்துப் பயன்படுத்த முடிகிறது என்றால், அதன் கீழே உள்ள சின்னக் காகிதத்தால்தான் முடிகிறது.

என்னென்ன எழுத வேண்டும்? நாடு, மாநிலம், மாவட்டம், இடம், அட்சரேகை தீர்க்கரேகை, கடல் மட்டத்திலிருந்து உயரம், தேதி, எந்த முறையில் பிடித்தது, எந்தச் செடியில், யார் பிடித்தது. பல்கலைக்கழக நெல் வயலில் பிடித்தால் இப்படி வரும்: இந்தியா, தமிழ்நாடு, கோயம்புத்தூர், வேளாண் பல்கலைக்கழக நெல் வயல், வடக்கு 11.0, கிழக்கு 76.9, 426 மீட்டர், தேதி, நெல், வலைவீச்சு, பிறகு உங்கள் பெயர். வெளிநாட்டு ஆய்வாளரும் படிக்க வேண்டியிருப்பதால் லேபிளை ஆங்கிலத்தில் எழுதுவது வழக்கம். மாதத்தை ரோமன் எண்ணில் போடுங்கள். 5-6-2024 என்று எழுதினால் அது மே மாதமா ஜூன் மாதமா என்று பத்து வருடம் கழித்து யாருக்கும் தெரியாது.

ஆல்கஹால் குப்பிக்குள் போடும் லேபிளைப் பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் மை கரைந்து காகிதம் வெறுமையாகிவிடும். குப்பிக்கு வெளியே ஒட்டும் லேபிள் மட்டும் வேண்டாம், உரிந்து விழுந்தால் அதோடு போயிற்று. இன்னொன்று: லேபிளை அறைக்கு வந்தபின் எழுதலாம் என்று தள்ளிப்போடவே கூடாது. வரப்பில் உட்கார்ந்தே எழுதிக் குப்பிக்குள் போட்டுவிடுங்கள். இரண்டாவது வயலுக்குப் போகும்போதே முதல் வயலின் குப்பி எது என்பதில் குழப்பம் வந்துவிடும்.

5. வயலில் பார்ப்பது எப்படி

வலையை எடுத்து வீசுவதற்கு முன் சும்மா நின்று பாருங்கள். நெல் வயலில் புகையானை (பழுப்புத் தத்துப்பூச்சி) தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து பார்த்தால் பயிர் பச்சையாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்கும். குனிந்து, தூரை ஒரு பக்கம் சாய்த்து, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாருங்கள். பழுப்பு நிறத்தில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். கையால் தட்டினால் தண்ணீரில் விழுந்து பக்கவாட்டில் நழுவி ஓடும். அதே தூரில் எத்தனை சிலந்தி இருக்கிறது என்று அப்போதே எண்ணுங்கள். தூர் ஒன்றுக்கு ஒரு சிலந்தி இருந்தால் பொருளாதாரச் சேத நிலை (மருந்து அடிக்க வேண்டிய அளவு) கிளைக்கு ஒரு புகையான் என்பதிலிருந்து இரண்டாக உயர்கிறது. அதாவது, சிலந்தியை எண்ணாமல் விட்டால் தேவையில்லாத இடத்தில் மருந்து அடிக்கச் சொல்லிவிடுவீர்கள். பூச்சியை மட்டும் எண்ணிவிட்டு அதன் எதிரிகளை விட்டுவிடும் தரவு பாதித் தரவுதான்.

எல்லாப் பூச்சியும் வலையில் விழாது. தரையில் ஓடும் வண்டு, எறும்புக்குக் குழிப்பொறி. அந்துப்பூச்சிக்கு விளக்குப்பொறி. அமாவாசையை ஒட்டிய இரவுகளில் அதிகம் விழும், பௌர்ணமியில் குறையும். அதனால் நிலவின் நாளையும் குறித்துவைத்தால்தான் ஒரு இரவின் எண்ணிக்கையை இன்னொன்றோடு ஒப்பிட முடியும். இலைச்சருகில் இருப்பவற்றுக்குப் புனலும் பல்பும் வைத்த பெர்லீஸ் அமைப்பு. பறக்கும் குளவிகளுக்கும் ஈக்களுக்கும், ஸ்வீடன்காரர் ரெனே மலேஸ் வடிவமைத்த கூடாரப்பொறி.

எனக்கு மிகவும் பிடித்தது மஞ்சள் தட்டுப்பொறி. மஞ்சள் பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, சில சொட்டுத் திரவ சோப்பு விட்டு வரப்போரம் வரிசையாக வைத்துவிட்டு வர வேண்டும். சோப்பு தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் நிறத்துக்கு இறங்கும் பூச்சி மூழ்கிவிடும். மறுநாள் மெல்லிய வடிகட்டியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, ஆல்கஹாலுக்கு மாற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். வெறும் கண்ணுக்குத் தூசு போலத் தெரிந்ததெல்லாம், மற்ற பூச்சிகளில் வளர்ந்து அவற்றைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளாக இருக்கும். பச்சை உலோகம் போல மின்னுவது ஒன்று, இறக்கை ஓரத்தில் மயிர் வரிசை வைத்தது ஒன்று. எந்த வயலிலும் இவ்வளவு உயிர் இருக்கிறது என்பதை ஒருமுறை பார்த்துவிட்டால், கண்டபடி மருந்து அடிப்பது பற்றிய உங்கள் எண்ணமே மாறிவிடும்.

விவசாயியின் வயலுக்குப் போனால் முதலில் அனுமதி கேளுங்கள். கடைசியாக எப்போது என்ன மருந்து அடித்தார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இது உங்கள் உடல் நலத்துக்கும் வேண்டும், தரவுக்கும் வேண்டும்.

6. ஊசி குத்தி உலர்த்துவது

சாதாரணக் குண்டூசி வேண்டாம், துருப்பிடித்துப் பூச்சியையே தின்றுவிடும். இதற்கென்று 38 மில்லிமீட்டர் நீளமுள்ள ஊசிகள் இருக்கின்றன. நடுத்தர அளவுப் பூச்சிகளுக்கு 2 அல்லது 3-ஆம் எண் வசதி.

எங்கே குத்துவது என்பதில் ஒழுங்கு உண்டு. வண்டு என்றால் வலது முன்னிறக்கையின் மேல்பகுதியில். வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி என்றால் மார்பின் நடுவில். ஈ, குளவி என்றால் மார்பின் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம். ஏன் வலப்புறம்? நடுவில் குத்தினால் அடையாளம் காண உதவும் மயிர்களும் கோடுகளும் சிதைந்துவிடும். ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் முழுதாக இருக்க வேண்டும். ஊசி தாங்காத குட்டிப் பூச்சிகளை முக்கோணமாக வெட்டிய அட்டையின் நுனியில் துளிப் பசை வைத்து, மார்பின் வலப்பக்கம் ஒட்டிவிடுவார்கள்.

அந்துப்பூச்சியின் இறக்கையை விரிக்கும்போது முன்னிறக்கையின் பின்விளிம்பு உடலுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். பிடித்துப் பல நாள் ஆகி விறைத்துப்போயிருந்தால், ஈர மணல் வைத்த மூடிய பாத்திரத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் மறுபடி இளகும். பூஞ்சை வராமல் இருக்க மணலில் சிறிது ஃபீனால் விடுவது வழக்கம்.

கோவையில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பெட்டிகளைத் திறந்து வைக்காதீர்கள். பூஞ்சையும் புத்தகப்பேனும் நுழைந்துவிடும். பெட்டியின் அடியில் பொடிப்பொடியாக விழுந்திருந்தால் தோல்வண்டின் புழு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, கழித்தல் 20 டிகிரி உறைவிப்பானில் ஒரு வாரம் வைத்தால் அடங்கும்.

7. பெயர் கண்டுபிடிப்பது

உலகத்தில் இதுவரை பெயரிட்ட பூச்சி இனங்கள் மட்டும் சுமார் 10 லட்சம். எனவே எடுத்ததுமே இனத்தின் பெயர் தேடாதீர்கள். முதலில் வரிசை, பிறகு குடும்பம், அங்கேயே நின்று பழகுங்கள். நம் வயல்களில் அடிக்கடி வரும் முப்பது நாற்பது குடும்பங்களைப் பார்த்தவுடன் சொல்லத் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அப்புறம் அடையாளத் திறவுகோலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கலாம். திறவுகோலில் ஒரு படியில் சந்தேகம் வந்தால் இரண்டு வழியிலும் போய்ப் பார்த்துவிட்டு, எது கடைசிவரை பொருந்துகிறதோ அதை எடுங்கள்.

செல்போன் செயலியில் படம் போட்டால் பெயர் வருகிறதே என்று கேட்பீர்கள். வண்ணத்துப்பூச்சி, தும்பிக்கு ஓரளவு உதவும். மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, இலைப்பேன், ஒட்டுண்ணிக் குளவி இவற்றுக்கு அதை நம்பி ஆய்வேட்டில் பெயர் போடக் கூடாது. வெள்ளை ஈயைக் கூட்டுப்புழு ஓட்டைக் கண்ணாடி வில்லையில் ஏற்றித்தான் பிரிக்கிறார்கள். பல அந்துப்பூச்சிகளை இனப்பெருக்க உறுப்பை 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இளக்கி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

டி.என்.ஏ. பார்கோடு முறையில் மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ. மரபணுவில் சுமார் 658 எழுத்துகளைப் படித்துத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுகிறார்கள். பயனுள்ள முறைதான். ஆனால் தரவுத்தளத்தில் தவறான பெயரோடு ஏற்றிய வரிசைகளும் கிடக்கின்றன. உடலமைப்பும் மரபணுவும் ஒன்றையொன்று ஆமோதிக்க வேண்டும். இரண்டும் முரண்பட்டால் அந்தக் குழுவில் தேர்ந்த வகைப்பாட்டாளருக்கு அனுப்புங்கள். பெங்களூருவின் தேசியப் பூச்சி வள நிறுவனம், டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா பூச்சிச் சேகரிப்பு, கொல்கத்தாவில் 1916 முதல் இயங்கும் இந்திய விலங்கியல் ஆய்வகம் ஆகியவற்றில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அனுப்பும்போது நல்ல நிலையில் உள்ள பூச்சிகள், முழு லேபிள், எந்தச் செடியில் கிடைத்தது என்ற விவரம் மூன்றும் வேண்டும். கால் உடைந்த ஒற்றைப் பூச்சியை அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லை என்று வருத்தப்படக் கூடாது.

8. பூச்சி வளர்ப்பு

ஆய்வகத்தில் வளர்க்கும் பூச்சிகளில் புதியவர்களின் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் நெல் அந்துப்பூச்சி, அதாவது கார்சைரா. ட்ரைகோகிரம்மா (பூச்சிகளின் முட்டைக்குள் முட்டையிட்டு அழிக்கும் குட்டிக் குளவி) முட்டை ஒட்டுண்ணி அட்டைகள் இதன் முட்டையில்தான் தயாராகின்றன. உடைத்த கம்பு, நிலக்கடலைத் தூள், கொஞ்சம் ஈஸ்ட், பூஞ்சையும் சிலந்திப்பேனும் (மைட்) வராமல் நனையும் கந்தகம், நோய்க்கிருமிக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்று பேசினில் கலந்து, அதில் முட்டையைத் தூவி, காடாத் துணியால் இறுகக் கட்டிவிட்டால் சுமார் நாற்பது நாளில் அந்துப்பூச்சிகள் வெளிவரத் தொடங்கும். முட்டையை எண்ணுவதில்லை, அளவுக் குழாயில் கன சென்டிமீட்டராக அளக்கிறார்கள். 'ஒரு சி.சி. முட்டை' என்று ஆய்வகத்தில் பேசுவது அதைத்தான்.

அந்துப்பூச்சியின் செதில் காற்றில் பறந்து மூச்சுக்குழலுக்குள் போகும். கார்சைரா அறையில் தினமும் வேலை செய்கிறவர்களுக்குத் தும்மல், இழுப்பு வருவது சகஜம். முகக்கவசம் போடாமல் அந்த அறைக்குள் போகாதீர்கள், சீனியர்கள் போனாலும் சரி. வளர்ப்பு மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். ஒரே இரவில் எறும்பு ஒரு மாத வேலையைத் தூக்கிப் போய்விடும். ட்ரைகோகிரம்மா வளர்ப்பையும் கார்சைரா தாய் வளர்ப்பையும் ஒரே அறையில் வைக்கக் கூடாது. குளவி தப்பித்துத் தாய் வளர்ப்பின் முட்டைக்குள் புகுந்துவிட்டால் இரண்டும் கெட்டுப்போகும்.

வயலில் பிடித்து வந்த புழுவை வளர்க்கிறீர்கள், அது அந்துப்பூச்சியாகாமல் செத்துப்போகிறது. தூக்கி எறிந்துவிடாதீர்கள். மூடி போட்டு இன்னும் சில நாள் வையுங்கள். பக்கத்தில் வெள்ளைக் கூடுகள் தோன்றிக் குளவி வரலாம், ஈ வரலாம். 2018-ல் மக்காச்சோளப் படைப்புழு இந்தியாவுக்குள் வந்தபோது, இங்கே அதற்கு எதிரிகள் யார் யார் என்று தெரிந்துகொள்ள வயல்களிலிருந்து முட்டையையும் புழுவையும் எடுத்துவந்து இப்படித்தான் காத்திருந்து பார்த்தார்கள்.

9. தலைப்பும் பருவமும்

எம்.எஸ்சி. இரண்டு வருடம். அதில் பாடங்கள் போக வயலுக்குக் கிடைப்பது ஒன்று அல்லது இரண்டு பருவங்கள். தலைப்பு எடுக்கும்போது முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். மானாவாரி நிலக்கடலையின் சிவப்புக் கம்பளிப்புழுவை எடுத்துக்கொண்டால், அதன் கூட்டுப்புழு மண்ணுக்குள் மாதக்கணக்கில் கிடந்து, மழை பெய்ததும் அந்துப்பூச்சியாகக் கிளம்பும். அந்த நாட்களில் நீங்கள் தேர்வு எழுதிக்கொண்டிருந்தால் அடுத்த வருடம்தான். சம்பாவில் செய்ய வேண்டியதைத் தவறவிட்டாலும் இதே கதை. ஆகவே வயல் சோதனை ஒன்று, அது கெட்டாலும் ஆய்வகத்தில் தொடரக்கூடிய வேலை ஒன்று என்று இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. பூச்சியே வராத வருடங்களும் உண்டு.

கைடிடம் போகும்போது "சார், ஏதாவது தலைப்புக் கொடுங்க" என்று கேட்பதைவிட, ஒரு பயிரில் சில வாரம் தொடர்ந்து பார்த்து எழுதிய நோட்டோடு போங்கள். "மேடம், இந்தக் கத்தரியில நுனித்தண்டு துளைப்பான் பூக்கும் முன்னாடியே வருது, ஏன்னு பாக்கலாமா?" என்று கேட்கும் மாணவரிடம் பேச யாருக்கும் நேரம் இருக்கும்.

சோதனை தொடங்கும் முன்பே புள்ளியியல் துறையில் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். எத்தனை மறுபதிவு (ஒரே சோதனையை எத்தனை இடத்தில் திரும்பச் செய்வது), வயலில் என்றால் எந்தத் திசையில் தொகுதி பிரிப்பது என்று அப்போது கேட்டால் அவரால் உதவ முடியும். எண்ணி முடித்த பிறகு போனால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. மருந்துச் சோதனையில் மருந்து படாத கட்டுப்பாட்டுப் பூச்சிகளும் சில சாகும். அதைக் கழிக்க 1925-ல் அபாட் கொடுத்த சூத்திரத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். கட்டுப்பாட்டில் 20 சதவீதத்துக்கு மேல் செத்திருந்தால் சூத்திரம் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். வளர்ப்பில் ஏதோ கோளாறு, மறுபடி செய்யுங்கள்.

10. அனுமதி

காட்டுக்குள் ஒரு எறும்பைப் பிடிக்கவும் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். ஆனைமலை, முதுமலை போன்ற காப்பகங்கள் என்றால் மாதக்கணக்கில் ஆகும், எனவே சேர்ந்தவுடனேயே விண்ணப்பியுங்கள். சில வண்ணத்துப்பூச்சிகளும் வண்டுகளும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன. வெளிநாட்டு நிபுணருக்குப் பூச்சியை அனுப்புவதற்கு 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டம் பொருந்தும். நண்பர் ஊருக்குப் போகிறார், பையில் கொடுத்துவிடலாம் என்ற பேச்சே வேண்டாம்.

11. எழுதுவதும் ஒப்படைப்பதும்

ஆய்வேடு எழுதுவதைக் கடைசிப் பருவத்துக்கு ஒதுக்காதீர்கள். 'பொருளும் முறைகளும்' பகுதியை வேலை நடக்கும்போதே எழுதிவிடலாம். எந்த விளக்கு, எத்தனை வாட், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்பதெல்லாம் அப்போது நோட்டில் இருக்கும், பிறகு நினைவில் இருக்காது. அறிவியல் பெயரை முதல்முறை எழுதும்போது பெயரிட்டவரையும் சேர்த்து எழுதுங்கள். அடைப்புக்குறி இருக்கிறதா இல்லையா என்பதைச் சரிபாருங்கள். இனம் வேறு பேரினத்துக்கு மாறியிருந்தால்தான் அடைப்புக்குறி வரும். வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்காத தேர்வாளர் குறைவு.

வேலை பற்றிக் கவலை இருக்கும். விஞ்ஞானி ஆக வேண்டுமென்றால் வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியத்தின் ஏ.ஆர்.எஸ். (வேளாண் ஆராய்ச்சிப் பணி) தேர்வு, உதவிப் பேராசிரியர் பணிக்கு அதே வாரியத்தின் நெட் தேர்வு. மாநில வேளாண்மைத் துறை, பயிர் பாதுகாப்பு நிறுவனங்கள், உயிரியல் கட்டுப்பாட்டுப் பொருள் உற்பத்தி, இறக்குமதியாகும் தாவரங்களைச் சோதிக்கும் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையங்கள், கொசு ஒழிப்புப் பணிகள் என்று வேறு பாதைகளும் திறந்திருக்கின்றன. தேனீ வளர்ப்பைக் கற்றுச் சொந்தமாகத் தொழில் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள்.

படிப்பை முடித்துக் கிளம்பும் முன் ஒரு வாரத்தைத் தனியாக ஒதுக்குங்கள். ஆய்வேட்டில் பெயர் குறிப்பிட்ட ஒவ்வொரு இனத்துக்கும் சில சான்றுப் பூச்சிகளை முழு லேபிளோடு துறையின் சேகரிப்பில் சேர்த்து, பதிவு எண் வாங்கி, அந்த எண்ணை ஆய்வேட்டிலும் குறிப்பிடுங்கள். நாளை உங்கள் பெயரிடலில் யாருக்காவது சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்க அதுதான் இருக்கும். உங்கள் வளர்ப்பைத் தொடரப்போகும் ஜூனியரைப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்தப் பேசினை எப்போது போட்டது, எதில் சிலந்திப்பேன் தொல்லை வந்தது, முட்டை எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, அதை எழுதியும் வைத்துவிட்டு அறைச் சாவியைக் கொடுங்கள்.